சிரில் உருவாக்காத சிரிலிக்: ஸ்லாவிய எழுத்து பிறந்ததும் பரவியதும்

மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகமும் ராதுகா பதிப்பகமும் தமிழில் அச்சிட்டு அனுப்பிய நூல்களில் ஒன்று வீட்டில் இருந்தால், அதன் முதல் சில பக்கங்களையும் கடைசிப் பக்கத்தையும் புரட்டிப் பாருங்கள். பதிப்பு விவரங்களுக்கிடையே, பொடி எழுத்தில், ரஷ்ய மொழியில் ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். வாய்விட்டுப் படித்தால் அது ‘ந தமீல்ஸ்கம் யிஸிகே’ என்று ஒலிக்கும். ‘தமிழ் மொழியில்’ என்பது அதன் பொருள். மொத்தம் 3 சொற்கள், 17 எழுத்துகள்.

ஆங்கிலம் படித்துப் பழகிய கண்ணுக்கு இந்த வரி பாதி தெரிந்ததாகவும் பாதி அன்னியமாகவும் தோன்றும். ‘எச்’ போல நிற்கும் முதல் எழுத்து நகர ஒலியைத் தருகிறது. ‘சி’ போலத் தோன்றுவது ஸகரம். ‘என்’ எழுத்தைக் கண்ணாடியில் பார்த்தது போன்ற ஒன்று இகரம். ‘ஆர்’ எழுத்தைத் திருப்பி வைத்தது போன்றது யகரம். ‘டி’, ‘ஏ’, ‘எம்’ போன்ற சில மட்டும் நாம் எதிர்பார்க்கும் ஒலியையே தந்து, ‘தம்’ வரை நம்மைக் கைப்பிடித்து அழைத்துச் செல்கின்றன.

இந்த அரைகுறை அறிமுகத்திலிருந்துதான் சிரிலிக் எழுத்தைப் பற்றிய தவறான பேச்சுகள் கிளம்புகின்றன. அது ரோமன் எழுத்தைத் தலைகீழாக்கிச் செய்தது என்பார்கள். ரஷ்யர்கள் உண்டாக்கியது என்பார்கள். சற்று விவரம் அறிந்தவர்கள், சிரில் என்ற கிறித்தவத் துறவி அதை ஆக்கினார், அதனால்தான் அந்தப் பெயர் என்பார்கள். முதல் இரண்டும் பிழை. மூன்றாவதில் உண்மையும் பிழையும் கலந்திருப்பதால், அதைப் பிரித்துக் காட்டுவதற்குத்தான் அதிக இடம் தேவைப்படுகிறது.

மொழி வேறு, எழுத்து வேறு

‘சிரிலிக் மொழி’ என்று ஒன்று கிடையாது. சிரிலிக் என்பது ஒரு நெடுங்கணக்கு, அதாவது ஒரு மொழியின் ஒலிகளைக் குறிக்க வரிசைப்படுத்தி வைத்த எழுத்துகளின் தொகுதி. ரஷ்யம், உக்ரேனியம், பெலாரூசியம், பல்கேரியம், செர்பியம், மாசிடோனியம் ஆகியவை அந்த நெடுங்கணக்கைத் தத்தம் தேவைக்கேற்பத் திருத்தி எழுதிக்கொள்ளும் ஸ்லாவிய மொழிகள். ஸ்லாவிய மொழிகள் என்பவை கிழக்கு, நடு ஐரோப்பாவிலும் பால்கன் தீபகற்பத்திலும் பேசப்படும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மொழிகள். அதே குடும்பத்தில் பிறந்த போலிய மொழியும் செக் மொழியும் குரோவாசிய மொழியும் ரோமன் எழுத்தில் எழுதப்படுகின்றன. ஆகவே ஸ்லாவியர் எல்லோரும் சிரிலிக் எழுதுவதில்லை. சிரிலிக் எழுதுகிறவர்கள் எல்லோரும் ஸ்லாவியரும் இல்லை. மங்கோலியர்களும் கிர்கிசியர்களும் தாஜிக்கியர்களும் அதை எழுதுகிறார்கள்.

எழுத்துக்கு முன்னால் செவி

ஒரு மொழிக்கு எழுத்து அமைப்பது எவ்வளவு கடினம் என்பதைத் தமிழர்கள் நன்றாகவே உணரலாம். ‘தமிழ்’ என்பதை ரோமன் எழுத்தில் எழுதும்போது கடைசி ஒலியில் கை நின்றுவிடுகிறது. ழகரத்துக்கு அங்கே எழுத்து இல்லை. சிலர் ‘எல்’ போட்டுவிடுகிறார்கள். சிலர் ‘இசட்’, ‘எச்’ என்ற இரண்டைச் சேர்த்துப் போட்டு, தெரிந்தவர்கள் சரியாகப் படித்துக்கொள்வார்கள் என்று விடுகிறார்கள். ‘மலை’ என்றும் ‘மழை’ என்றும் சொல்லும்போது ஒரே ஓர் ஒலிதான் மாறுகிறது; பொருளோ முற்றிலும் மாறிவிடுகிறது. இப்படிப் பொருளை மாற்றும் திறன் கொண்ட அடிப்படை ஒலியை மொழியியலில் ஒலியன் என்பார்கள். நல்ல நெடுங்கணக்கு என்பது ஒவ்வோர் ஒலியனுக்கும் ஓர் எழுத்தைத் தருவது. அதற்கு முதலில் யாராவது ஒருவர் அமர்ந்து, அந்த மொழியைப் பேசுகிறவர்களின் வாயைக் கவனித்து, இதுவும் அதுவும் வேறு வேறு ஒலிகள் என்று பிரித்தறிய வேண்டும். எழுத்தின் வடிவத்தை வரைவது அதற்குப் பிறகு வரும் வேலை.

9ஆம் நூற்றாண்டில் ஸ்லாவியர்களின் நிலை இதுதான். பல்கேரியத் துறவி ஹ்ராபர் எழுதிய ‘எழுத்துகளைப் பற்றி’ என்ற சிறு நூல், ஸ்லாவியர்கள் முன்பு கோடுகளையும் கீறல்களையும் வைத்தே எண்ணியும் குறி பார்த்தும் வந்தார்கள் என்றும், கிறித்தவர்களான பின் ரோமன், கிரேக்க எழுத்துகளைக் கொண்டு ஒழுங்கின்றி எழுத முயன்றார்கள் என்றும் சொல்கிறது. கிரேக்க எழுத்தில் ஸ்லாவியச் சொற்களை எப்படி எழுத முடியும் என்று கேட்டு, எழுதவொண்ணாத சொற்களை அவர் வரிசையாக எடுத்துக் காட்டுகிறார். நமக்கு ழகரத்தில் வருகிற அதே சங்கடம் அவர்களுக்குப் பத்துக்கு மேற்பட்ட ஒலிகளில் இருந்தது.

சிரில் உண்மையில் ஆக்கியது

இன்றைய வட கிரேக்கத்தில் உள்ள தெசலோனிக்கி நகரில், கான்ஸ்டான்டினோபிளைத் தலைநகராகக் கொண்ட கிழக்கு ரோமப் பேரரசான பைசாந்தியத்தின் படை அதிகாரி ஒருவரின் பிள்ளைகளாகப் பிறந்தவர்கள் மெத்தோடியசும் அவருடைய தம்பி கான்ஸ்டன்டைனும். நாம் சிரில் என்று அறிவது இந்தக் கான்ஸ்டன்டைனைத்தான். அந்நகரைச் சுற்றி ஸ்லாவியக் குடியிருப்புகள் இருந்தமையால் இருவருக்கும் கிரேக்கத்தோடு ஸ்லாவியமும் நன்கு தெரியும். 862ஆம் ஆண்டையொட்டி, இன்றைய செக், சுலோவாக்கிய நிலப்பகுதியில் இருந்த மொராவியாவின் அரசர் ராஸ்திஸ்லாவ், தம் மக்களுக்கு அவர்கள் மொழியிலேயே சமயம் கற்பிக்க ஆசிரியர்களை அனுப்புமாறு பைசாந்தியப் பேரரசர் மூன்றாம் மைக்கேலிடம் தூதனுப்பினார். ஜெர்மானியப் பாதிரிமார்களின் பிடியிலிருந்து விலக வேண்டும் என்ற அரசியல் கணக்கும் அந்த வேண்டுகோளில் இருந்தது. பேரரசர் கான்ஸ்டன்டைனைத் தேர்ந்தெடுத்தார்.

புறப்படுவதற்கு முன்பே கான்ஸ்டன்டைன் எழுத்தை அமைத்துவிட்டார். ஆனால் அவர் அமைத்தது நாம் இன்று காணும் சிரிலிக் அன்று. அதன் பெயர் கிளகோலிதிக். ‘சொல்’ என்று பொருள்படும் பழைய ஸ்லாவியச் சொல்லிலிருந்து பிற்காலத்தில் வந்த பெயர் அது. வளையங்களும் சிறு முக்கோணங்களும் கண்ணிகளும் நிறைந்த, வேறு எந்த எழுத்தையும் உடனே நினைவூட்டாத வடிவங்கள் அதில் உள்ளன. முதல் எழுத்து ஒரு சிலுவையைப் போலிருக்கும். அந்த எழுத்தில் அவர் முதலில் எழுதியது யோவான் நற்செய்தியின் தொடக்க வரியான ‘ஆதியிலே வார்த்தை இருந்தது’ என்பது என்று அவருடைய வரலாறு கூறுகிறது.

வடிவம் விசித்திரமாக இருந்தாலும் உள்ளே இருந்த ஒலிக்கணக்கு மிக நுட்பமானது. கிரேக்கத்தில் இல்லாத ஷகரம், ‘பச்சை’ என்பதில் வரும் சகரம், மூக்கொலி கலந்த உயிர்கள் ஆகியவற்றுக்கெல்லாம் தனித்தனி எழுத்துகள் கிடைத்தன. இன்னொரு நுட்பம் தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு உடனே பிடிபடும். அந்நாளைய ஸ்லாவியத்தில், முழு மாத்திரை பெறாமல் குறுகி ஒலிக்கும் உகரம் ஒன்றும் இகரம் ஒன்றும் இருந்தன. கிட்டத்தட்ட நம் குற்றியலுகரமும் குற்றியலிகரமும்தான். தமிழில் இன்று அவற்றுக்குத் தனி எழுத்து வடிவம் இல்லை. இடம் பார்த்து அறிந்துகொள்கிறோம். கான்ஸ்டன்டைன் அவை இரண்டுக்கும் தனித்தனி எழுத்தே கொடுத்துவிட்டார். இவற்றைக் குற்றுயிர்கள் என்று குறிப்பிடுவோம். இந்தக் கட்டுரையில் அவை மீண்டும் வரும். எழுத்து வரலாற்றில் அவருக்குரிய இடத்தை அந்த வளைய வடிவங்களைவிட இந்தச் செவிதான் பெற்றுத் தந்தது என்பது என் உறுதியான எண்ணம்.

இந்த முயற்சிக்கு எதிர்ப்பும் கடுமையாகவே இருந்தது. எபிரேயம், கிரேக்கம், இலத்தீன் ஆகிய மூன்றில் மட்டுமே இறைவனைத் துதிக்கலாம், சிலுவையின் மேல் எழுதப்பட்டவை அவை மூன்றுதான் என்று வெனிஸ் நகரில் குருமார்கள் அவரிடம் வாதிட்டார்கள். மழை எல்லோர் மீதும் ஒன்றாகப் பெய்வதில்லையா, கதிரவன் எல்லோருக்கும் ஒளிர்வதில்லையா என்று கேட்ட அவர், தம் மொழியிலேயே நூல்கள் வைத்திருந்த ஆர்மீனியர், ஜார்ஜியர், கோத்தியர், சிரியர், எகிப்தியர் முதலியோரை எடுத்துக்காட்டினார். ரோமில் திருத்தந்தை இரண்டாம் ஹேட்ரியன் ஸ்லாவிய நூல்களை ஏற்றுக்கொண்டார். அங்கேயே நோயுற்ற கான்ஸ்டன்டைன், துறவறம் ஏற்றுச் சிரில் என்ற பெயரைச் சூட்டிக்கொண்டு, சுமார் 50 நாள்களில், 869 பிப்ரவரி 14 அன்று 42ஆவது வயதில் மறைந்தார். வாழ்நாள் முழுவதும் கான்ஸ்டன்டைனாக இருந்தவரை, கடைசி 50 நாள்களின் பெயரால்தான் உலகம் அறிகிறது.

சுருங்கச் சொன்னால்: சிரில் செய்தது ஸ்லாவிய ஒலிகளைப் பிரித்தறிந்ததும், அவற்றுக்குக் கிளகோலிதிக் என்ற எழுத்தை அமைத்ததும். சிரிலிக் எழுத்து இன்னும் பிறக்கவில்லை.

துரத்தப்பட்ட மாணவர்கள்

தம்பிக்குப் பின் பணியைத் தொடர்ந்த மெத்தோடியசும் 885இல் இறந்தார். அதன்பின் மொராவியாவில் இலத்தீன் தரப்பின் கை ஓங்கியது. ஸ்லாவிய வழிபாடு தடைசெய்யப்பட்டு, மாணவர்கள் சிறைப்பட்டார்கள், நாடு கடத்தப்பட்டார்கள். அவர்களில் கிளெமென்ட், நௌம், அங்கெலாரியஸ் ஆகியோர் தன்யூப் ஆற்றின் வழியே தென்கிழக்காக வந்து பல்கேரியாவை அடைந்தார்கள்.

பல்கேரிய மன்னர் போரிஸ் அவர்களை இரு கை நீட்டி வரவேற்றதற்குக் காரணம் இருந்தது. 860களில் கிறித்தவத்தை ஏற்ற அவருடைய நாட்டில், வழிபாடு கிரேக்கக் குருமார்கள் கையில் கிரேக்க மொழியில் நடந்துவந்தது. அண்டை நாட்டுப் பேரரசின் மொழியும் குருமார்களும் தம் மக்களின் மீது ஆட்சி செலுத்துவதை எந்த மன்னர்தான் விரும்புவார்? கிளெமென்ட் தென்மேற்கே ஒஹ்ரித் பகுதிக்கு அனுப்பப்பட்டார். அங்கே அவர் 3,500 மாணவர்களுக்குக் கற்பித்தார் என்று அவருடைய வாழ்க்கை வரலாறு குறிப்பிடுகிறது. நௌம் தலைநகரப் பகுதியிலேயே தங்கினார். 893இல் போரிசின் மகன் சிமியோன் ஆட்சிக்கு வந்தார். பிரெஸ்லாவ் புதிய தலைநகராயிற்று. ஸ்லாவியம் அரசுக்கும் திருச்சபைக்கும் உரிய மொழியாக நிலைபெற்றது.

பிரெஸ்லாவில்தான் சிரிலிக் உருவெடுத்தது என்பது இன்றைய ஆய்வாளர்களில் பெரும்பாலோரின் முடிவு. ஒஹ்ரித்தில் கிளகோலிதிக் வழக்கம் நீண்ட காலம் தொடர்ந்தது. பிரெஸ்லாவிலோ கிரேக்கம் எழுதிப் பழகிய கைகள் ஏராளம். அரசாணைகளும் கல்வெட்டுகளும் அதுவரை கிரேக்க எழுத்திலேயே வெட்டப்பட்டு வந்தன. அந்த எழுத்தர்களிடம் முற்றிலும் புதிய வளைய எழுத்தைக் கொடுப்பதைவிட, அவர்கள் அறிந்த கிரேக்க எழுத்தையே எடுத்து, குறைகிற ஒலிகளுக்கு மட்டும் எழுத்துகளைச் சேர்த்துக்கொள்வது எளிதாக இருந்தது. பிற்கால மரபு ஒன்று இந்தப் பணியைக் கிளெமென்ட்டுக்கு உரியதாக்கினாலும், பலர் கைபட்டு 9ஆம் நூற்றாண்டின் இறுதியில் திரண்ட வேலையாகவே இது தெரிகிறது.

கிரேக்க உடல், ஸ்லாவியச் செவி

இங்கேதான் சிரிலிக்கின் உண்மையான இயக்கம் இருக்கிறது. தமிழ் எழுத்தோடு வடமொழி ஒலிகளுக்காக ஜ, ஷ, ஸ, ஹ ஆகியவற்றைக் கிரந்தத்திலிருந்து சேர்த்துக்கொண்டதை நினைத்துப் பாருங்கள். இருக்கும் வரிசை அப்படியே இருக்க, இல்லாத ஒலிகளுக்கு மட்டும் புதியவை வந்து அமர்ந்தன. சிரிலிக்கிலும் அதுதான் நடந்தது. கிரேக்கர்கள் ஏடுகளில் எழுதிய 24 பெரிய எழுத்துகளும் அடித்தளமாயின. ஷகரம் போன்ற ஸ்லாவிய ஒலிகளுக்குரியவை அவற்றோடு சேர்ந்தன. எந்தெந்த ஒலிகளுக்குத் தனி எழுத்து வேண்டும் என்ற பட்டியலைச் சிரில் முன்பே வகுத்திருந்தார். அந்தப் பட்டியல் கிளகோலிதிக்கிலிருந்து இதற்குள் வந்தது. சில வடிவங்களும் கூடவே வந்தன. மூன்று செங்குத்துக் கோடுகள் ஓர் அடிக்கோட்டின்மேல் நிற்கும் ஷகர வடிவம் அவற்றில் ஒன்று. எபிரேயத்தின் ‘ஷின்’ எழுத்தோடு அதற்கு உள்ள ஒற்றுமையைப் பலர் சுட்டியிருக்கிறார்கள்.

ஒரே ஓர் எழுத்தை மட்டும் அருகிலிருந்து பார்ப்போம். கிரேக்கத்தின் இரண்டாம் எழுத்து பீட்டா. பழங்காலத்தில் அதன் ஒலி, ‘கம்பம்’ என்ற சொல்லில் மகரத்துக்குப் பின் வருகிற பகரம். ஆனால் 9ஆம் நூற்றாண்டுக்கு வெகு முன்பே கிரேக்கர்களின் வாயில் அது வகரமாக மாறிவிட்டது. ஸ்லாவியத்திலோ கம்பப் பகரமும் உண்டு, வகரமும் உண்டு. எனவே பீட்டாவின் வடிவம் வகரத்துக்குப் போயிற்று. பகரத்துக்கு ஒரு புதிய எழுத்து செய்து, அகரத்துக்கும் வகரத்துக்கும் நடுவே செருகினார்கள். ரஷ்யப் பெயர்ப்பலகையில் ரோமன் ‘பி’யின் பெரிய எழுத்துப் போலத் தோன்றுவதை வகரமாகப் படிக்க வேண்டியிருப்பதன் காரணம் இதுதான். யாரும் எதையும் தலைகீழாக்கவில்லை. கிரேக்க எழுத்திலிருந்து ரோமன் ஒரு காலத்தில் ஒரு வழியாகப் பிரிந்தது. சிரிலிக் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்டுகள் கழித்து, ஒலி மாறிய பிறகு, இன்னொரு வழியாகப் பிரிந்தது. இரண்டும் ஒரு வீட்டுப் பிள்ளைகள். அதனால்தான் முகச்சாயல் ஒத்து, குரல் வேறாக இருக்கிறது.

அந்தப் பகரம் இடையில் செருகப்பட்டது என்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த சான்று எண்களில் இருக்கிறது. தமிழில் க ஒன்றையும் உ இரண்டையும் குறிப்பதுபோல, கிரேக்கர்களும் எழுத்துகளையே எண்களாகப் பயன்படுத்தினார்கள். பழைய சிரிலிக்கிலும் அப்படியே, எழுத்தின்மேல் ஒரு சிறு கோடு இட்டால் அது எண். அகரம் 1. அடுத்து நிற்கும் பகரத்துக்கு மதிப்பே இல்லை. வகரம் 2. கிளகோலிதிக்கில் அப்படி இல்லை. அங்கே பகரம் 2, வகரம் 3 என்று வரிசைப்படியே போகும். சிரிலிக்கின் எண்கள் கிரேக்க வரிசையை அப்படியே பின்பற்றியதால், புதிதாக வந்து அமர்ந்த எழுத்துக்கு எண் கிடைக்காமல் போயிற்று.

‘எச்’ போல இருப்பது ஏன் நகரம் என்ற கேள்விக்கும் விடை உண்டு. பழைய சிரிலிக்கில் நகரம் கிரேக்க ‘நியூ’வைப் போல, இரண்டு தூண்களுக்கிடையே சாய்ந்த கோட்டோடுதான் எழுதப்பட்டது. இகரமோ கிரேக்க ‘ஈட்டா’வைப் போல, நடுவில் படுக்கைக் கோட்டோடு எழுதப்பட்டது. நூற்றாண்டுகள் செல்லச் செல்ல, எழுத்தர்களின் கையில் நகரத்தின் சாய்கோடு படுத்துவிட்டது. இகரத்தின் படுக்கைக் கோடு எதிர்ப்புறமாகச் சாய்ந்து எழுந்துவிட்டது. நாம் கண்ணாடிப் பிம்பம் என்று நினைப்பது, கை வழக்கத்தில் மெல்ல நகர்ந்த ஒரு கோடு.

பெயர் இடம் மாறியது

அப்படியானால் சிரிலின் பெயர் ஏன் இதற்கு வந்தது? இன்றைய வடமேற்கு ரஷ்யாவில் உள்ள நோவ்கொரோத் நகரில் 1047ஆம் ஆண்டு ஒரு பாதிரியார் தாம் படியெடுத்த நூலின் முடிவில், இதைக் ‘கூரிலோவித்ஸா’விலிருந்து எழுதினேன் என்று குறித்தார். கூரில் என்பது சிரிலின் ஸ்லாவிய வழக்கு. அவர் முன்னால் இருந்த மூலம் கிளகோலிதிக்கில் இருந்தது என்றும், அந்நாளில் சிரிலின் எழுத்து என்ற பெயர் உரிய எழுத்துக்கே வழங்கியது என்றும் அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். பிறகு கிளகோலிதிக் பெரும்பாலான இடங்களில் மறைந்தபோது, மிஞ்சி நின்ற எழுத்துக்கு அந்தப் பெயர் போய்ச் சேர்ந்தது.

எது மூத்தது என்பதற்குத் தோல் ஏடுகளே சாட்சி சொல்கின்றன. தோல் விலை மிகுந்த பொருள் ஆனதால், பழைய எழுத்தைச் சுரண்டிவிட்டு அதே ஏட்டில் புதிதாக எழுதும் வழக்கம் இருந்தது. பல்கேரியாவின் சோபியா நகரை ஒட்டிய பொயானா என்ற ஊரில் கிடைத்த ஏட்டில், அடியில் சுரண்டப்பட்ட கிளகோலிதிக்கும் மேலே சிரிலிக்கும் இருக்கின்றன.

இதுவரை பார்த்ததை மூன்று வரியில் வைத்துக்கொள்ளலாம். ஒலிகளை வகுத்தவர் சிரில். வடிவங்களின் பெரும்பகுதி கிரேக்கம். இரண்டையும் இணைத்தவர்கள் பல்கேரியாவின் எழுத்தர்கள்.

திருச்சபை சென்ற வழியே எழுத்தும் சென்றது

பல்கேரியாவிலிருந்து எழுத்து எத்திசையில் சென்றது என்பதை அறிய, எந்த மக்கள் எந்தத் திருச்சபையிடமிருந்து ஞானஸ்நானம் பெற்றார்கள் என்று பார்த்தால் போதும். போலந்து 966இல் இலத்தீன் திருச்சபை வழியே கிறித்தவமாயிற்று. அங்கே ரோமன் எழுத்து. கீவைத் தலைநகராகக் கொண்ட ரூஸ் நாடு 988இல் விளாதிமீர் ஆட்சியில் கான்ஸ்டான்டினோபிள் திருச்சபையை ஏற்றது. பல்கேரியாவில் ஆயத்தமாக இருந்த ஸ்லாவிய நூல்கள் அங்கே சிரிலிக்கைக் கொண்டு சென்றன. அதாவது ரஷ்யர்களின் எழுத்து என்று நாம் சொல்வது, பிறந்து சுமார் நூறு ஆண்டு கழித்துத்தான் அந்த நிலத்தில் வேரூன்றியது. செர்பியரும் சிரிலிக்கை ஏற்றனர். 1189இல் பொஸ்னிய ஆட்சியாளர் குலின், துப்ரோவ்னிக் வணிகர்களுக்கு அளித்த சாசனமும் சிரிலிக்கில் எழுதப்பட்டது. குரோவாசியாவில் மட்டும் நிலை வேறு. இலத்தீன் திருச்சபைக்குள் இருந்துகொண்டே அங்குள்ள கடற்கரை மக்கள் கிளகோலிதிக்கைப் பல நூற்றாண்டுகள் காப்பாற்றினார்கள். கிர்க் தீவில் கிடைத்த, சுமார் 1100ஆம் ஆண்டைச் சேர்ந்த பாஷ்கா கல்வெட்டு அவர்களுக்கு இன்றும் பெருமைக்குரிய சின்னம்.

எழுத்து தேவாலயத்துக்குள் அடங்கியிருக்கவில்லை என்பதை நோவ்கொரோத்தின் மண் காட்டியது. 1951இல் அங்கு அகழாய்வில் ஒரு பூர்ச்சமரப் பட்டைச் சுருள் வெளிவந்தது. அதில் கீறி எழுதிய சிரிலிக் எழுத்துகள். அதுமுதல் 1,100க்கும் மேற்பட்ட பட்டைகள் கிடைத்திருக்கின்றன. கடன் கணக்குகள், வீட்டுச் செய்திகள், வியாபாரப் புகார்கள் என்று எல்லாமே அன்றாட வாழ்க்கை. அவற்றுள் 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு சிறுவனின் பட்டைகள் இருக்கின்றன. பெயர் ஒன்ஃபீம், வயது ஆறோ ஏழோ இருக்கலாம். உடைந்த பட்டைக் கூடையின் அடிப்பாகத்தில் அவன் நெடுங்கணக்கு முழுவதையும் எழுதி, அதன்கீழ் ப, வ, க, த என்று ஒவ்வொரு மெய்யோடும் உயிர்களைச் சேர்த்து எழுதிப் பழகியிருக்கிறான். நம் பிள்ளைகள் ஒரு மெய்யை எடுத்துக்கொண்டு உயிர்களை மாற்றிப் போவார்கள்; அவன் ஓர் உயிரை வைத்துக்கொண்டு மெய்களை மாற்றிப் போகிறான். பட்டையின் மறுபுறத்தில் ஒரு விலங்கை வரைந்து ‘நான் காட்டு மிருகம்’ என்று எழுதியிருக்கிறான். இன்னொரு பட்டையில் நெடுங்கணக்கை எழுதத் தொடங்கி, சில எழுத்துகளுக்குப் பின் பொறுமையிழந்து, குதிரையின் மேல் அமர்ந்து பகைவனை ஈட்டியால் குத்தும் வீரனை வரைந்து, பக்கத்தில் தன் பெயரை எழுதி வைத்திருக்கிறான்.

திருத்திய கைகள்

பேசும் மொழி மாறிக்கொண்டே போக, எழுத்து பின்தங்கிவிடும். முன்பு சொன்ன குற்றுயிர்கள் 12, 13ஆம் நூற்றாண்டுகளுக்குள் ரஷ்யப் பேச்சிலிருந்து மறைந்தன. ஆனால் சொல்லின் கடைசியில் மெய் வந்தால் அதன்பின் குறு உகர எழுத்தை இடும் வழக்கம் மட்டும் தொடர்ந்தது. ஒலிக்காத அந்த எழுத்து சுமார் 700 ஆண்டுகள் ஏடுகளிலும் அச்சிலும் இடம் பிடித்திருந்தது.

முதல் பெரிய மாற்றத்தைச் செய்தவர் ரஷ்யப் பேரரசர் பேதுரு. 1708இல், மேற்கத்திய அச்செழுத்துகளின் சாயலில் எளிமையாக்கிய புதிய வடிவங்களில் வடிவகணித நூல் ஒன்றை அச்சிடச் செய்தார். 1710 ஜனவரியில் மாதிரித் தாள்கள் அவர் முன் வைக்கப்பட்டன. பழைய வடிவமும் புதியதும் அருகருகே அச்சாகியிருந்த அந்தத் தாள்களில், வேண்டாத எழுத்துகளைத் தம் கையாலேயே மையிட்டு அடித்துவிட்டு, வரலாற்று நூல்களும் தொழில் நூல்களும் இனி மிஞ்சிய எழுத்துகளிலேயே அச்சாக வேண்டும் என்று எழுதினார். திருச்சபை நூல்கள் பழைய வடிவத்திலேயே தொடர்ந்தன. இன்று சிரிலிக் ரோமன் எழுத்தைப் போலத் தோன்றுவதில் பெரும்பங்கு அந்த மைக்கோடுகளுக்கு உண்டு.

செர்பியாவில் வூக் கராஜிச் வேறு வழியை எடுத்தார். பேசுவதுபோல் எழுது என்ற நெறியின்படி, 1818இல் வெளியிட்ட அகராதியில் ஓர் ஒலியனுக்கு ஓர் எழுத்து என்ற முறையை நிலைநிறுத்தினார். லகரத்தோடும் நகரத்தோடும் குறு இகர எழுத்தை ஒட்டவைத்து இரண்டு புதிய எழுத்துகளை ஆக்கினார். யகரத்துக்கு ரோமன் ‘ஜே’யைக் கொண்டுவந்ததால், கத்தோலிக்கத்தைப் புகுத்துகிறார் என்ற குற்றச்சாட்டுக்கு ஆளானார். அவர் இறந்து நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1868இல்தான் செர்பிய அரசு அதை முழுமையாக ஏற்றது.

ரஷ்யாவில் 1918இல், ஒலி ஒன்றாகிவிட்ட எழுத்துகளை நீக்கினார்கள். எகரத்துக்கு இரண்டு எழுத்துகள் இருந்தன. எந்தச் சொல்லில் எது வரும் என்று, நம் பிள்ளைகள் ரகர றகரத்தைக் கற்பதுபோல, மாணவர்கள் மனப்பாடம் செய்துவந்தார்கள். அவற்றில் ஒன்று போயிற்று. சொல்லின் கடைசியில் ஒலியின்றி நின்ற குறு உகரமும் போயிற்று. இன்றைய ரஷ்யத்தில் 33 எழுத்துகள், பல்கேரியத்தில் 30.

ஓர் ஒலிக்கு ஓர் எழுத்து என்ற ஏற்பாட்டால் கிடைக்கும் பயனைக் காண, சோவியத் தலைவர் குருஷ்சேவின் பெயரை எழுதிப் பார்க்க வேண்டும். ரஷ்யத்தில் அதன் நடுவில் வருவது ஒரே எழுத்து. போலிய மொழியில் அதற்கு நான்கு ரோமன் எழுத்துகள் வேண்டும். ஜெர்மன் மொழியில் ஏழு.

ஸ்லாவிய எல்லைக்கு வெளியே

ருமேனிய மொழி 1860கள் வரை சிரிலிக்கில் எழுதப்பட்டது. சோவியத் ஒன்றியத்தின் துருக்கிய மொழிகள் பலவும் 1920களில் ரோமன் எழுத்துக்கு மாற்றப்பட்டு, 1930களின் இறுதியிலிருந்து சிரிலிக்குக்கு மாற்றப்பட்டன. அந்த இரண்டாம் மாற்றம் மாஸ்கோவின் அரசியல் முடிவு. மங்கோலியா 1946இலிருந்து, ரஷ்ய எழுத்துகளோடு இரண்டைச் சேர்த்து 35 எழுத்துகளில் எழுதுகிறது. இப்படி அரசாணையால் வந்த எழுத்து அரசாணையாலேயே போகவும் செய்கிறது. மால்டோவா 1989இல் ரோமன் எழுத்துக்குத் திரும்பியது. கசகஸ்தானும் 2017இல் அவ்வழியே செல்ல முடிவெடுத்தது. மறுபுறம், பல்கேரியா 2007இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தபோது ரோமனுக்கும் கிரேக்கத்துக்கும் அடுத்து அதன் மூன்றாவது எழுத்தாகச் சிரிலிக் ஏற்கப்பட்டது. ஆண்டுதோறும் மே 24ஆம் நாளைப் பல்கேரியர்கள் தங்கள் எழுத்துக்குரிய தேசிய விடுமுறையாகக் கொண்டாடுகிறார்கள்.

அந்த ஒரு வரி, மீண்டும்

இப்போது ‘ந தமீல்ஸ்கம் யிஸிகே’ என்ற வரியைத் திரும்ப எடுத்துப் பார்க்கலாம். 17 எழுத்துகளில் 14 கிரேக்க வழி வந்தவை. ‘எச்’ போன்ற முதல் எழுத்து, கோடு படுத்துவிட்ட நியூ. கண்ணாடி ‘என்’, கோடு எழுந்துவிட்ட ஈட்டா. ‘சி’ போன்றது, பைசாந்தியக் கிரேக்கர்கள் பிறை வடிவில் எழுதிய சிக்மா. மீதி மூன்றும் ஸ்லாவியச் செவி கேட்டு வாங்கியவை. திருப்பிய ‘ஆர்’ போன்ற யகரம், மூக்கொலி உயிர் ஒன்றுக்கு அமைந்த எழுத்து கையெழுத்தில் சிதைந்து, பேதுருவின் அச்சில் இந்த உருவை அடைந்தது. மூன்றாம் சொல்லின் நடுவில் இரண்டு துண்டாக நிற்கும் எழுத்து, ஒரு குற்றுயிரையும் இகரத்தையும் அருகருகே வைத்துச் செய்தது. உதட்டைக் குவிக்காமல் ‘அது’ என்று பேச்சில் சொல்லும்போது கடைசியில் வருகிற ஒலிக்கு அதன் ஒலி மிக நெருக்கமானது.

எஞ்சியிருப்பது ‘தமீல்’ என்பதன் லகரத்துக்குப் பின் நிற்கும் சிறிய எழுத்து. அது பழைய குறு இகரம். இன்று அதற்குத் தனி ஒலி இல்லை; முன்னால் உள்ள மெய்யை, நாவின் நடுப்பகுதி மேலண்ணத்தைத் தொடும்படி மென்மையாக்கிச் சொல் என்று மட்டும் காட்டுகிறது. ழகரத்துக்கு எழுத்து வகுத்திராத அந்த நெடுங்கணக்கில், ஐரோப்பிய மொழிகள் வழியே லகரமாகிப் போய்ச் சேர்ந்த நம் மொழியின் பெயர், ஒரு லகரத்தோடும் 9ஆம் நூற்றாண்டுக் குற்றுயிரின் எழுத்தோடும் அச்சாகியிருக்கிறது.